பின்னிருக்கையில் இரண்டு பிள்ளைகள், முன்னால் ஒரு வி8: குடும்ப வண்டியாகப் போர்ஷே 928 எஸ்4

பள்ளி வயதில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, முப்பது வயதைக் கடந்த போர்ஷே ஒன்று உருப்படியான வண்டியாக அமையுமா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், நெடும்பயணத்துக்கு அமையும், அன்றாட ஓட்டத்துக்கு அமையாது என்பதே. இந்த மதிப்புரை எங்களிடம் உள்ள 1989ஆம் ஆண்டு 928 எஸ்4 காரைப் பற்றியது. எட்டு சிலிண்டர்கள் கொண்ட ஐந்து லிட்டர் வி8 இன்ஜின், நான்கு கியர்கள் கொண்ட ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், இரண்டு கதவுகள், நான்கு இருக்கைகள். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய ஊரில் வசிக்கும் நாங்கள் கடைக்கும் அலுவலகத்துக்கும் சிறிய கார் ஒன்றையும் ரயிலையும் பயன்படுத்துகிறோம். விடுமுறைப் பயணங்களுக்கும், உறவினர் வீடுகளுக்கும், கோயில் திருவிழாக்களுக்கும் நால்வரும் சேர்ந்து செல்வது இந்த வண்டியில்தான். ஆகவே, பந்தயத் தடத்தில் எத்தனை நொடியில் சுற்றிவரும் என்பது போன்ற கேள்விகளுக்கு இங்கே விடை கிடைக்காது. பிள்ளைகள் எங்கே உட்காருவார்கள், பெட்டிகள் எங்கே போகும், வழியில் எது நின்றுபோகும், ஆண்டுக்கு எவ்வளவு கரையும் என்பவையே என் அக்கறை.

வண்டியின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில் அதன் குடும்பப் பயன்பாட்டுக்கான காரணம் அங்கேதான் இருக்கிறது. பின்னால் இன்ஜினை வைத்த 911க்கு எதிர்காலம் இல்லை என்று போர்ஷே நிறுவனத்தை அப்போது நடத்திய எர்ன்ஸ்ட் ஃபூர்மான் கருதினார். அதன் இடத்தைப் பிடிப்பதற்காக, இன்ஜினை முன்னாலும் கியர்பாக்ஸைப் பின்னச்சுக்கு அருகிலும் வைத்து, தொலைதூரத்தைக் களைப்பின்றிக் கடக்கும் வண்டியாக 928 உருவாக்கப்பட்டது. 1977இல் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமாகி, அடுத்த ஆண்டுக்கான ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதையும் பெற்றது. பொதுவாகச் சாதாரணக் குடும்பக் கார்களுக்கே போய்ச்சேரும் அந்த விருது ஒரு ஸ்போர்ட்ஸ் காருக்குக் கிடைத்தது வியப்புக்குரியது. ஆனால் 911ஐ அதனால் அசைக்க முடியவில்லை. 1995இல் 928இன் உற்பத்தி நின்றபோது ஏறத்தாழ 61,000 வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. 911 இன்றும் வந்துகொண்டிருக்கிறது. வாங்குபவரின் பார்வையில் இந்தத் தோல்வி நல்லதுதான். 911க்குக் கிடைத்த வழிபாடு 928க்குக் கிடைக்காததால், அதை வண்டியாகவே ஓட்டலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்க வேண்டியதில்லை.

எஸ்4 என்பது 1987ஆம் ஆண்டு மாதிரியாக வந்தது. சிலிண்டருக்கு நான்கு வீதம் 32 வால்வுகள், 320 குதிரைத்திறன், ஆட்டோமேட்டிக் வண்டிக்கு மணிக்கு 265 கிலோமீட்டர் உச்ச வேகம். அதற்கு முந்தைய 4.5, 4.7 லிட்டர் வண்டிகளைவிட எஸ்4 முதிர்ச்சி பெற்றது. இறுதியாக வந்த 5.4 லிட்டர் ஜிடிஎஸ் அதைவிட வலியது என்றாலும், அதன் விலை இப்போது குடும்பச் செலவுக் கணக்கிலிருந்து விலகிச் சேகரிப்பாளர்களின் கைக்குப் போய்விட்டது. அன்றாட மனிதர்கள் நினைத்துப் பார்க்கத்தக்கது எஸ்4 மட்டுமே என்பது என் கருத்து.

இனி பின்னிருக்கைக்கு வருகிறேன். இந்த வண்டியின் குடும்பத் தகுதி முழுவதும் அங்கேதான் முடிவாகிறது. இன்ஜினின் சுழற்சியைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுசெல்லும் தண்டின் குழாய்க்காக நடுவில் உயர்ந்த மேடு ஓடுவதால், பின்னால் மூவர் அமரும் பேச்சுக்கே இடமில்லை. மேட்டின் இருபுறமும் கிண்ணம்போல் குழிந்த இரண்டு தனி இருக்கைகள் உள்ளன. குழிவு ஆழமானது, வளைவான மலைச்சாலையிலும் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வதில்லை. தனித்தனிக் குழி என்பதால் இது என் இடம், அது உன் இடம் என்ற சண்டையும் எழுவதில்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். வேறு எந்தக் காரிலும் நான் கண்டிராத ஒன்று, பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கென்றே கூரையிலிருந்து மடக்கி இறக்கும் இரண்டு வெயில் மறைப்புகள் வைத்திருப்பது. முதல் பார்வைக்கு விளையாட்டாகத் தோன்றும். பின்கண்ணாடி நேர் தலைக்குமேல் சரிந்து வருவதால், மாலையில் முதுகுப்பக்கம் வெயில் விழும்போது அந்த மறைப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் கண்ணைத் திறக்க முடியாது என்பது ஓட்டிப் பார்த்தால் புரியும்.

அதே சரிவுதான் பெரியவர்களின் தடையும். நடுத்தர உயரமுள்ள ஒருவர் பின்னால் அமர்ந்தால் தலை கண்ணாடியை முட்டும். முழங்காலுக்கோ முன்னிருக்கையில் இருப்பவரின் தயவு வேண்டும். என் மனைவியின் தாயார் ஒருமுறை அரை மணி நேரம் பின்னால் அமர்ந்து வந்தார். இறங்கிய பின் அவர் ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த முறை ரயிலில் வருவதாக மட்டும் சொன்னார். போர்ஷே குடும்பத்திலேயே இந்தக் குறை உணரப்பட்டது என்று கொள்ளலாம். நிறுவனரின் மகன் ஃபெர்ரி போர்ஷேயின் 75ஆவது பிறந்தநாளுக்காக 1984இல் நிறுவனம் அளித்த பரிசு, சக்கர இடைவெளி நீட்டப்பட்டு, பின்னால் பெரியவர்களும் நிமிர்ந்து அமரும்படி கூரை மாற்றப்பட்ட ஒரு தனி 928. அந்த ஒரு வண்டியோடு அது நின்றுபோனது. நமக்குக் கிடைப்பது குட்டையான கூரைதான்.

பிள்ளைகளுக்கான இருக்கை விஷயத்தில் கவனம் தேவை. ஜெர்மனியில் 12 வயது நிறையும்வரையோ 150 சென்டிமீட்டர் உயரம் எட்டும்வரையோ, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை பிள்ளைகளுக்குத் தகுந்த சிறார் இருக்கை கட்டாயம். சிறார் இருக்கையை நேரே வண்டியோடு மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் 928இன் காலத்தில் கிடையாது. ஆகவே சீட் பெல்ட்டால் கட்டத்தக்க இருக்கையே வேண்டும். எங்கள் வண்டியில் பின்னால் மூன்று முனை பெல்ட் உள்ளது, அதனால் முதுகுப்பகுதியோடு கூடிய உயர்த்தி இருக்கைகள் பொருந்துகின்றன. ஆனால் குழிந்த இருக்கைக்குள் எல்லா உயர்த்தியும் உட்காராது. அடிப்பாகம் அகலமானவை குழிவின் விளிம்பில் தொங்கி ஆடுகின்றன. அடி குறுகியவை மட்டுமே கச்சிதமாக இறங்குகின்றன. கடைக்கு வண்டியையே ஓட்டிச்சென்று, வைத்துப் பார்த்து வாங்குவது நல்லது. பெல்ட்டின் பூட்டு இருக்கைக்கும் மேட்டுக்கும் நடுவே புதைந்திருப்பதால், பிள்ளை தானாகப் பூட்டிக்கொள்ள முடியாது. ஒவ்வொரு முறையும் பெரியவர் ஒருவர் முன்னிருக்கையைச் சாய்த்து, உடலை வளைத்து உள்ளே புகுந்து பூட்ட வேண்டும். முதுகுவலி உள்ளவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். பின்னோக்கி வைக்கும் கைக்குழந்தை இருக்கைக்கு இந்த வண்டி ஏற்றதன்று. நான்கு அல்லது ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், இந்த ஆசையைச் சில ஆண்டுகள் தள்ளிப்போடுவதே சரி.

பாதுகாப்பைப் பற்றி மழுப்பாமல் எழுத வேண்டும். கட்டமைப்பு உறுதியானது, பிரேக்குகள் இன்றைய போக்குவரத்துக்கும் போதுமானவை, சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் வசதியும் உண்டு. பின்சக்கரங்களைத் தாங்கும் வைசாக் அச்சு, வளைவில் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென விடும்போது சக்கரங்களைச் சிறிது உள்நோக்கித் திருப்பி, வால்புறம் வழுக்கி வெளியே போகாமல் காக்கிறது. அக்காலத்து 911 ஓட்டுநர்கள் பயந்த தவறு ஒன்று இங்கே மன்னிக்கப்படுகிறது. இருந்தாலும் எங்கள் வண்டியில் ஏர்பேக் ஒன்றுகூட இல்லை. நிலைப்பாட்டைக் கணினி காக்கும் இஎஸ்பியும் இல்லை. மோதல் என்று வந்தால் இன்றைய சாதாரணச் சிறு கார், அன்றைய விலையுயர்ந்த வண்டியைவிட உள்ளிருப்பவரை நன்றாகக் காக்கும் என்பதில் ஐயமில்லை. இந்த உண்மையை ஏற்க முடியாதவர்கள் இதை வாங்கக் கூடாது. ஏற்றவர்கள் அதற்கேற்ப ஓட்ட வேண்டும். கடும் பனி பெய்யும் நாட்களில் நாங்கள் இதை எடுப்பதில்லை.

டிக்கி ஒரு நல்ல வியப்பு. பின்கண்ணாடி முழுவதும் மேலே திறப்பதால் வாய் அகலமானது; ஆனால் அடியில் கியர்பாக்ஸும் 86 லிட்டர் பெட்ரோல் டேங்கும் இருப்பதால் ஆழம் குறைவு. கடினமான பெட்டிகள் இதற்கு எதிரிகள். மென்மையான துணிப் பைகளாக எடுத்துவைத்தால் நால்வரின் ஒரு வார உடுப்பு அடங்கிவிடும். ஹாம் நகரில் உள்ள காமாட்சி அம்பாள் கோயிலின் தேருக்குச் செல்லும்போது, எங்களிடமிருந்து நானூறு கிலோமீட்டருக்கும் அதிகமான அந்தப் பயணத்தில், பட்டுப்புடவைகள் கசங்காமல் மேலே விரிந்து கிடக்க, அர்ச்சனைத் தட்டும் பழக்கூடையும் பக்கத்தில் அமர, தண்ணீர்ப் புட்டிகள் பிள்ளைகளின் காலடியில் கிடக்கின்றன. குழந்தை வண்டியோ மடிப்புச் சைக்கிளோ சேர்ந்தால் ஒரு பின்னிருக்கையை மடக்க வேண்டிவரும். இருக்கை முதுகுகள் தனித்தனியே மடங்குவதால், மூவர் மட்டும் செல்லும் நாட்களில் பனிச்சறுக்குப் பலகைகூட நீளவாட்டில் உள்ளே போகும்.

டிக்கியின் தரைக்கு அடியில், கருவிகள் வைக்கும் தட்டின் கீழ்தான் பேட்டரி இருக்கிறது. எடை சமநிலைக்காக அங்கே வைத்தார்கள். ஆனால் பேட்டரி தீர்ந்துபோனால் அத்தனை பைகளையும் சாலையோரம் இறக்க வேண்டும். உபரிச் சக்கரமும் முழுமையானதன்று. காற்றில்லாமல் சுருங்கிக் கிடக்கும் குறுஞ்சக்கரத்தை, வண்டியோடு வரும் சிறு கம்ப்ரஸரால் ஊதிப் பெருக்கிப் பொருத்த வேண்டும். முப்பது ஆண்டு பழைய ரப்பரை நம்பி ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலையில் நிற்க நான் தயாராக இல்லாததால், எங்கள் பயணங்களில் டயர் ஒட்டும் திரவமும் சாலையுதவிச் சங்க உறுப்பினர் அட்டையும் கூடவே வருகின்றன.

ஓட்டும் அனுபவத்தைக் குறைத்தே எழுத விரும்புகிறேன். அதைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. இந்த வண்டியின் இயல்பான நடை மணிக்கு 130 முதல் 160 கிலோமீட்டர் வரை. அந்த வேகத்தில் இன்ஜின் தாழ்ந்த குரலில் ஓடுகிறது, ஸ்டியரிங் நேர்கோட்டில் தானாகவே நிற்கிறது, பின்னால் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள். ஓசை என்று உறுத்துவது அகன்ற பின்டயர்கள் கான்கிரீட் சாலையில் எழுப்பும் இரைச்சல்தான். பின்னிருக்கை நேராக அச்சின்மேல் இருப்பதால் முன்னால் இருப்பவர்களைவிட அங்கே அது அதிகம். கியர்பாக்ஸ் மெர்சிடீஸ் பென்ஸிடமிருந்து வந்தது. மெதுவாகக் கிளம்பினால் இரண்டாம் கியரிலேயே புறப்பட்டு, அழுத்தி மிதித்தால் மட்டுமே முதல் கியருக்கு இறங்கும். விளையாட்டாக ஓட்ட விரும்புவோர் இதைச் சோம்பல் என்பார்கள். தின்பண்டக் கிண்ணத்தோடு இரண்டு பிள்ளைகளை ஏற்றிச் செல்பவருக்கு இதைவிட ஏற்ற குணம் இல்லை. ஐந்து கியர் மேனுவல் வண்டிகளும் உண்டு; அவற்றில் முதல் கியர் இடப்புறம் கீழே இருக்கும், விலையும் அதிகம். குடும்பத்துக்கென்றால் ஆட்டோமேட்டிக்கையே எடுங்கள்.

ஓட்டுநருக்கான ஒரு நுட்பத்தை மட்டும் குறிப்பிடாமல் விட மனமில்லை. ஸ்டியரிங்கை மேலும் கீழும் சரிசெய்யும்போது, அதன் பின்னால் உள்ள மீட்டர் பலகை முழுவதும் அதனோடு சேர்ந்து நகர்கிறது. என்னைவிடக் குட்டையான என் மனைவி ஓட்ட அமரும்போதும் எல்லா முள்களும் சக்கரத்தின் வளையத்துக்குள் மறைவின்றித் தெரிகின்றன. ஒரே வண்டியை இருவர் ஓட்டும் வீட்டுக்கு இது பெரிய உதவி. இன்றைய கார்கள் பலவற்றில்கூட இதைக் காண முடிவதில்லை.

ஊருக்குள் வந்தால் நிலைமை மாறுகிறது. 4.52 மீட்டர் நீளம் பிரச்சினை இல்லை, 1.84 மீட்டர் அகலமும் நீண்ட கதவுகளும்தான் பிரச்சினை. பழைய அடுக்குமாடி நிறுத்தகங்களில் வண்டியை நிறுத்திவிடலாம், கதவைத் திறக்க முடியாது. பிள்ளைகளை முன்கூட்டியே இறக்கிவிட்டுப் பிறகு நிறுத்துவதே நடைமுறை. முகப்பு எங்கே முடிகிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியாது. அணைந்திருக்கும்போது வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் இரு விளக்குகளையும் எழுப்பினால்தான் முனைகள் எங்கே என்று ஓரளவு புலப்படும். விளக்குகள் எழுந்து நிற்பதைப் பார்க்கப் பக்கத்துவீட்டுப் பிள்ளைகள் காத்திருப்பது தனிக்கதை. ஊருக்குள் பெட்ரோல் செலவு நூறு கிலோமீட்டருக்கு இருபது லிட்டரைத் தொடுவதுண்டு. ஆட்டோபானில் நிதானமாகச் சென்றால் பன்னிரண்டு, பதின்மூன்றில் நிற்கும். பள்ளி வாசலுக்கும் காய்கறிக் கடைக்கும் இதை எடுப்பது பணத்தை எரிப்பதோடு, முழுதாகச் சூடாகும் முன்பே ஒவ்வொரு முறையும் அணைக்கப்படும் இன்ஜினுக்கும் கேடு.

கோடைக்காலத்தில் ஏசி இல்லாமல் இந்த வண்டியில் குடும்பத்தோடு செல்வது நடவாத காரியம். பின்பக்கச் சாளரங்கள் திறக்கமாட்டா. கண்ணாடிப் பரப்போ மிகப் பெரிது. பின்னால் இருப்பவர்களுக்கெனத் தனி ஏசி ஒன்று அந்நாளில் கூடுதல் விலைக்குக் கிடைத்தது. இருக்கைகளுக்கு நடுவே அதன் காற்றுவாய் தெரியும். அது பொருத்தப்பட்ட வண்டி கிடைத்தால், நிறத்தில் விட்டுக்கொடுத்தாவது அதை எடுங்கள். அக்காலத்து ஏசிகளில் நிரப்பிய ஆர்12 என்ற குளிரூட்டும் வாயு இப்போது கிடைக்காது; பெரும்பாலான வண்டிகள் ஆர்134ஏ வாயுவுக்கு மாற்றப்பட்டிருக்கும். மாற்றப்பட்டதா, குழாய் இணைப்பு வளையங்களும் அப்போதே மாற்றப்பட்டனவா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். காற்றைத் திசைதிருப்பும் மடல்கள் வெற்றிட விசையால் இயங்குபவை. எங்கோ ஒரு ரப்பர்க் குழாய் வெடித்தால், குளிர்காற்று முகத்துக்கு வராமல் காலுக்கு மட்டும் வரும். குற்றவாளி ஏசியன்று, மிகச் சிறிய அந்தக் குழாய்தான்.

அடுத்து, இந்த வண்டியை வைத்திருப்பவரின் உறக்கத்தைத் தீர்மானிக்கும் பகுதி, பராமரிப்பு. உடல் துருப்பிடிப்பது அரிது. எஃகுப் பாகங்களுக்குத் துத்தநாகப் பூச்சு உண்டு, கதவுகளும் பானட்டும் முன்மட்கார்டுகளும் அலுமினியம். கவலை இயந்திரத்தில் இருக்கிறது. வால்வுகளைப் பிஸ்டன்களின் ஓட்டத்தோடு ஒத்து இயங்கவைக்கும் பல்பட்டையான டைமிங் பெல்ட் எஸ்4 இன்ஜினில் அறுந்தாலோ பல் வழுக்கினாலோ வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். அதோடு இன்ஜின் முடிந்தது என்று பொருள். பெல்ட் தளர்ந்தால் எச்சரிக்கும் விளக்கு ஒன்று மீட்டர் பலகையில் உண்டு, ஆனால் விளக்கை நம்பிக் குடும்பத்தை ஏற்றிச் செல்லக் கூடாது. பெல்ட் எவ்வளவு தூரம் ஓடியது என்பதைவிட எந்த ஆண்டில் மாற்றப்பட்டது என்பதே கேட்க வேண்டிய கேள்வி, ஏனெனில் இந்த வண்டிகள் பெரும்பாலும் குறைவாக ஓடி அதிகம் நிற்பவை, நிற்கும் வண்டியிலும் ரப்பர் முதுமை அடைகிறது. ஐந்தாறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவதே அறிந்தவர்களின் வழக்கம். வாட்டர் பம்ப்பையும் அதே பெல்ட் சுழற்றுவதால், பம்ப்பின் தாங்கி இறுகினால் பெல்ட்டும் போகும். ஆகையால் இரண்டையும், உருளைகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதிய பெல்ட் சற்று நீளும் என்பதால், சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் அதன் இழுவிசையை மறுபடி அளந்து சரிசெய்வதும் அவசியம். விற்பவரின் கோப்பில் மாற்றியதற்கான ரசீது இருந்து, மறு அளவீட்டுக்கான ரசீது இல்லையென்றால், வேலை பாதியில் விடப்பட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஆட்டோமேட்டிக் வண்டிகளுக்கே உரிய மற்றொரு நோய் உண்டு. பொதுவான பட்டறைகளில் பலருக்கு இது தெரிவதில்லை. இன்ஜினின் சுழற்சியைப் பின்னால் உள்ள கியர்பாக்ஸுக்குக் கடத்தும் மெல்லிய தண்டு, முன்முனையில் ஒரு பிடிப்பானால் இறுக்கப்பட்டுள்ளது. ஆண்டுக்கணக்கில் அந்தத் தண்டு பிடிப்பானுக்குள் இம்மி இம்மியாக வழுக்கிப் பின்னோக்கி நகர்கிறது. அதன் விளைவாக இணைப்புத் தகடு வளைந்து, பிஸ்டன்கள் சுழற்றும் இன்ஜினின் முதன்மைத் தண்டான கிராங்க் ஷாஃப்டை ஓயாமல் முன்னோக்கித் தள்ளுகிறது. கிராங்க் ஷாஃப்டின் முன்பின் அசைவைத் தாங்கும் பேரிங் தேய்ந்துபோனால் அதற்கப்பால் தேய்வது இன்ஜின் பிளாக்கின் அலுமினியமே. தடுப்பதோ எளிது: வண்டியைத் தூக்கி, பிடிப்பானின் போல்ட்டைத் தளர்த்தி, சேர்ந்திருக்கும் இழுப்பை விடுவித்து, மறுபடி இறுக்க வேண்டும். வாங்கும் முன் கிராங்க் ஷாஃப்டின் அசைவை அளவுமானி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 0.4 மில்லிமீட்டர் என்ற எல்லையை நெருங்கும் வண்டி எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். இந்த அளவைப் பார்க்க மறுக்கும் விற்பனையாளர், வேறொருவருக்கு விற்கட்டும்.

மின்சாரக் கோளாறுகள் அச்சுறுத்துபவை, ஆனால் பெரும்பாலும் மலிவானவை. ஃபியூஸ்களும் ரிலேக்களும் நிறைந்த மையப் பலகை, முன்பயணியின் காலடியில், பாதம் வைக்கும் பலகைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கண்ணாடியின் அடியிலிருந்து நீர் கசிந்தால் அது போய்ச்சேரும் இடமும் அதுவே. ஒரு மழைநாளில் எங்கள் வண்டியின் வைப்பர் தானாக ஓடுவதும், பின்கண்ணாடிச் சூடேற்றி இயங்க மறுப்பதும், ஏசி விசிறி நின்று நின்று சுழல்வதுமாக இருந்தது. முன்பு பார்த்த ஒரு பட்டறை மூன்றுக்கும் மூன்று பாகங்களை மாற்றப் பட்டியல் கொடுத்தது; 928 மட்டுமே பார்க்கும் ஒரு முதிய மெக்கானிக் பலகையைத் திறந்து, பச்சை பூத்த முனைகளைத் துடைத்து, உடலோடு சேரும் எர்த் இணைப்புகளைச் சுரண்டிச் சுத்தம் செய்து, மதியத்துக்குள் அனுப்பிவிட்டார். அதன்பின் கோளாறு இல்லை. பெட்ரோல் செலுத்துதலைக் கட்டுப்படுத்தும் எல்ஹெச் கணினிப் பெட்டி வயதாகி இறந்துபோவது மட்டும் மெய்யான ஆபத்து. அது போனால் வண்டி நின்ற இடத்தில் நிற்கும். புதுப்பித்துத் தரும் நிபுணர்கள் இருக்கிறார்கள். குடும்பத்தோடு தொலைதூரம் செல்பவர் அதைப் பழுதாகும் முன்பே புதுப்பித்து வைப்பது அறிவு.

இவை தவிர, இன்ஜினைத் தாங்கும் எண்ணெய் நிரப்பிய மவுண்டுகள் அமுங்கிப்போவது எஸ்4 வண்டிகளில் சாதாரணம். சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அதுதான். மாற்றும் வேலை பெரிது, பாகத்தின் விலை சிறிது. பெட்ரோல் குழாய்களைப் பற்றி நீட்டாமல் ஒன்று சொல்கிறேன்: இன்ஜினின்மேல் வளைந்து செல்லும் ரப்பர்ப் பெட்ரோல் குழாய்கள் முதல்முறை பொருத்தியவையாக இருந்தால், அவற்றை மாற்றும்வரை பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

பாகங்கள் கிடைக்குமா என்ற அச்சம் பலருக்கு உண்டு. போர்ஷேயின் பழைய வண்டிகளுக்கான பிரிவு இன்றும் பலவற்றை விற்கிறது, விலையைக் கேட்டால் தண்ணீர் குடிக்க வேண்டியிருக்கும். உள்ளலங்காரப் பொருள்களே தட்டுப்பாடு. டேஷ்போர்டு வெடித்திருந்தால், பின்னிருக்கைத் தோல் சிறு பிள்ளைகளால் கிழிந்திருந்தால், பழைய வண்டிகளைக் கழற்றி விற்பவர்களிடம்தான் தேட வேண்டும். எங்கள் வீட்டில் பின்னிருக்கைகளின்மேல் தடித்த பருத்தி விரிப்பு கிடப்பது அதனால்தான். பார்க்க அழகில்லை, அதன்மேல் சிந்திய மாம்பழச் சாறு தோலுக்குப் போகவில்லை.

பணக் கணக்கில் ஜெர்மனியின் சட்டம் பழைய வண்டிக்குக் கை கொடுக்கிறது. முப்பது ஆண்டு நிறைந்து, பெருமளவு அசல் நிலையிலும் நல்ல பராமரிப்பிலும் இருப்பதாக ஆய்வாளர் சான்றளித்தால், எண்ணின் இறுதியில் ஹெச் எழுத்துள்ள நம்பர் பலகை கிடைக்கும். அதன்பின் இன்ஜின் எவ்வளவு பெரிதானாலும் ஆண்டு வரி 191.73 யூரோ மட்டுமே. ஐந்து லிட்டர் இன்ஜினுக்கு வழக்கமான கணக்கில் இது பல மடங்காகியிருக்கும். நகரங்களின் சுற்றுச்சூழல் வலயங்களுக்குள், மற்ற கார்கள் கண்ணாடியில் ஒட்ட வேண்டிய அனுமதி வில்லை இல்லாமலே நுழையவும் அந்தப் பலகை அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய வண்டிகளுக்கான மலிவான காப்பீட்டை வழங்குபவர்கள் பலரும், அன்றாடப் பயன்பாட்டுக்கு வேறொரு கார் வீட்டில் இருக்க வேண்டும் என்றும், ஆண்டுக்கு இத்தனை கிலோமீட்டருக்கு மேல் ஓடக் கூடாது என்றும் நிபந்தனை விதிக்கிறார்கள். ஆகவே வீட்டின் ஒரே காராக 928ஐ வைக்க எண்ணுபவர், காப்பீட்டுத் தொகையை முதலில் விசாரித்துவிட்டே வண்டியைத் தேட வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டாயச் சோதனையிலிருந்து விலக்கில்லை. இவை அனைத்துக்கும் மேலாக, ஒன்றும் பழுதாகாத ஆண்டிலும் சில ஆயிரம் யூரோவைப் பராமரிப்புக்கென ஒதுக்கி வைக்க வேண்டும். பெல்ட் மாற்றும் ஆண்டு அந்த ஒதுக்கீட்டை ஒரே மூச்சில் விழுங்கும். மலிவாகக் கிடைக்கும் எஸ்4 ஒன்றை வாங்கி மெல்ல மெல்லச் சரிசெய்யலாம் என்ற திட்டம் குடும்பஸ்தனுக்கு உரியதன்று. விலை கூடுதலானாலும், தொடர்ச்சியான ரசீதுகளோடு, ஒழுங்காக ஓட்டப்பட்டு வந்த வண்டியே முடிவில் மலிவு.

இதே காலத்து வேறு வண்டிகளையும் பார்த்தோம். பிஎம்டபிள்யூ 635 சிஎஸ்ஐ பின்னிருக்கையில் சற்றே தாராளமானது, ஆனால் துரு அதன் பரம்பரை நோய். ஜாகுவார் எக்ஸ்ஜே-எஸ் பன்னிரண்டு சிலிண்டர் அமைதி தருகிறது. அதன் பின்னிருக்கை பைகளுக்குத்தான் பொருந்தும். மெர்சிடீஸ் 560 எஸ்இசி மட்டும் உண்மையான போட்டி. அதில் பின்னால் இரண்டு பெரியவர்கள் நிமிர்ந்து அமரலாம், டிக்கி ஆழமானது, டைமிங்குக்குப் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. ஓட்டுநருக்கு அது தரும் மகிழ்ச்சி 928 தருவதில் பாதிகூட இல்லை என்பது என் சாய்வு. பின்னால் இருப்பவர்களின் வாக்கைக் கேட்டால் முடிவு வேறாக இருக்கலாம். எங்கள் மூத்தவளுக்கு 150 சென்டிமீட்டர் எட்ட இன்னும் அதிக காலம் இல்லை. உயர்த்தி இருக்கையை எடுத்துவிட்டால் அவளுக்கு மேலே சிறிது இடம் கிடைக்கும், அதுவும் ஓரிரு ஆண்டுகளுக்கே. ஆகவே இதை வாங்க எண்ணும் பெற்றோர் மூத்த பிள்ளையைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பின்னால் உட்காரவைத்து, தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவே எத்தனை விரல் இடைவெளி இருக்கிறது என்று பார்க்கட்டும். நான்கு விரலுக்குக் குறைவாக இருந்தால் எஸ்இசியைத் தேடிப் போவதே மேல்.